தெருப் பந்தலா, மாநகராட்சித் திடலா, தனியார் மைதானமா, மண்டபமா? அனுமதி வாங்கும் சிரமத்தை வைத்து ஓர் ஒப்பீடு

ஆண்டு விழா, பொங்கல் விழா, கோயில் கொடைக் கச்சேரி, மருத்துவ முகாம் என எதுவானாலும் விழாக் குழு முதலில் முட்டிக்கொள்வது "எங்கே போடுவது" என்பதில்தான். தெருவுக்கு வாடகை கிடையாது என்பதால் பெரும்பாலும் தெருவே ஜெயிக்கிறது. விழாவுக்கு நான்கு நாள் இருக்கையில் போக்குவரத்துக் காவல் கையை விரித்த பிறகு மண்டபம் தேடி ஓடினால், முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது.

வாடகையை ஒப்பிடுவதற்கு முன், அந்த இடத்துக்கு எத்தனை அலுவலகக் கையெழுத்து வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. கையெழுத்து ஒவ்வொன்றும் ஒரு வாரம், ஒரு அலைச்சல், ரத்தாவதற்கு ஒரு காரணம். கீழே உள்ள கணக்கெல்லாம் தமிழ்நாட்டு நகரம் ஒன்றில், 500 பேர் உட்காரும் ஒரு மாலை நிகழ்ச்சிக்கானது. அரசியல் கட்சிக் கூட்டங்கள் இதில் சேராது. கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று 41 பேர் நெரிசலில் இறந்த பிறகு அவற்றுக்கான நடைமுறை தனி வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

நிலம் யாருடையது. சென்னை மாநகராட்சிக்குள்ளேயே எல்லாத் தெருவும் ஒரே மேசைக்குப் போவதில்லை. உட்புறச் சாலைகளை மண்டல அலுவலகம் பார்க்கிறது. பேருந்து ஓடும் சாலைகளுக்குத் தலைமையகத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. ஊருக்குள் ஓடும் சில சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. பார்த்தால் வித்தியாசம் தெரியாது; வார்டு உதவிப் பொறியாளரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்காமல் மனு எழுதினால் "இது எங்கள் சாலை இல்லை" என்ற பதிலோடு இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வரும்.

தலைக்கு மேல் என்ன போகிறது. தற்காலிகப் பந்தல்களின் தீப் பாதுகாப்புக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 8758. மின்கம்பிக்குக் கீழே பந்தலே போடக் கூடாது என்கிறது அது. பக்கவாட்டில் போகும் கம்பிக்கு, கட்டடங்களுக்கு மத்திய மின்சார ஆணையம் விதித்த இடைவெளியை அளவாகக் கொள்ளலாம்: 11,000 வோல்ட் வரை 1.2 மீட்டர், 33,000 வோல்ட்டுக்கு 2 மீட்டர். இது பந்தல் நின்ற பிறகு போதும். தூக்கி நிறுத்தும்போது 20 அடி இரும்புக் குழாய் ஒன்று சாய்ந்தால் ஆறு மீட்டர் தள்ளிப்போய்த் தொடும். ஆகவே குழாயின் நீளத்துக்குள் கம்பி இருந்தால், கால் நடும் நேரத்துக்கு மின் தடை கேட்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கடிதம் கொடுங்கள். தஞ்சாவூர் களிமேட்டில் 2022 ஏப்ரலில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்ததிலிருந்து அதிகாரிகள் முதலில் அண்ணாந்து பார்ப்பது கம்பியைத்தான்.

தீ. தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தல் 1997 ஜூனில் எரிந்து 48 பேர் இறந்தனர். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் திருமண மண்டபத்தில் 50க்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். மூன்றிலும் எரிந்தது கீற்று. தீயணைப்பு நிலைய அலுவலர் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார் என்று கேட்பவர்களுக்கு இந்த மூன்று ஊர்களே பதில்.

சத்தம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பொது இடத்தின் எல்லையில் ஒலி அளவு அப்பகுதியின் வரம்பைவிட 10 டெசிபல் கூடுதலாகவோ 75 டெசிபலாகவோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55. ஆகவே அங்கே உங்களுக்குக் கிடைப்பது 65தான். 75 என்று நினைத்துக்கொண்டு ஒலி அமைப்பாளரிடம் பேசுவது வழக்கமாக நடக்கும் பிழை.

கடைசி நேரத்தில் கைவிடுமா. பிரமுகர் வருகை, குழாய் உடைப்பு, மழை, அக்கம்பக்கத்துப் புகார் ஆகிய நான்கும் எந்த இடத்தில் எவ்வளவு பாதிக்கும் என்பதும் ஒரு செலவுதான்.

## ஒரே பார்வையில்

| | தெரு | மாநகராட்சித் திடல் | தனியார் அல்லது பள்ளி மைதானம் | மண்டபம் |
|---|---|---|---|---|
| நில அனுமதி | உள்ளாட்சி அல்லது நெடுஞ்சாலை | உள்ளாட்சி | உரிமையாளர் கடிதம் | வாடகை ரசீது |
| காவல் | சட்டம் ஒழுங்கு, போக்குவரத்து இரண்டும் | சட்டம் ஒழுங்கு | சட்டம் ஒழுங்கு | தகவல் கடிதம், மைக் அனுமதி |
| தீயணைப்பு | புதிதாக வாங்க வேண்டும் | புதிதாக | புதிதாக | மண்டபத்துடையது இருக்க வேண்டும் |
| மின்சாரம் | தற்காலிக இணைப்பு அல்லது ஜெனரேட்டர் | அதேதான் | பெரும்பாலும் ஜெனரேட்டர் | இருக்கிறது |
| மறைந்திருக்கும் செலவு | சாலைச் சீரமைப்பு, தன்னார்வலர் | முன்வைப்புத் தொகை, கழிப்பறை, காவலாளி | தரை சமன், வண்டிப் பாதை | யூனிட் கணக்கு, துப்புரவு, ஜிஎஸ்டி |
| ரத்தாகும் அபாயம் | அதிகம் | நடுத்தரம் | குறைவு | மிகக் குறைவு |
| மனு கொடுக்கத் தொடங்க | 30 நாள் முன் | 45 நாள் முன் | 21 நாள் முன் | 7 நாள் முன் |

நாள் கணக்கு நம் பரிந்துரை. திடலுக்கு 45 நாள் என்றது, மனு மெதுவாக நகரும் என்பதைவிட அந்தத் தேதியை வேறு குழு பிடித்துவிடும் என்பதற்காக.

## தெருவில் பந்தல்

முதலில் அளவைப் போட்டுப் பாருங்கள். 30 அடிச் சாலை என்றால் 9 மீட்டர். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் போக 3.5 மீட்டர் விட்டால் பந்தலுக்கு மிச்சம் 5.5 மீட்டர். அதில் நடுவே 1.5 மீட்டர் நடைபாதை போனால் வரிசைக்கு எட்டு நாற்காலி. 500 பேருக்கு 63 வரிசை. வரிசைக்கு 90 சென்டிமீட்டர், பத்து வரிசைக்கு ஒரு குறுக்கு வழி 1.5 மீட்டர் என்று கூட்டினால் பந்தல் 66 மீட்டர் நீளும். அதாவது இருபக்கமும் ஏழெட்டு வீட்டு வாசல் மறையும். கடைசி வரிசைக்கு மேடை தெரியாது. இன்னொரு ஸ்பீக்கர் ஜோடி வேண்டும். அங்கிருந்து பின் வீட்டுக்காரர் காவல் நிலையத்துக்குப் போன் போடுவார். தெரு 150, 200 பேருக்குத்தான் பொருந்தும்.

கையெழுத்து வரிசை இது: சாலை உரிமையாளரின் தடையின்மைச் சான்று, சட்டம் ஒழுங்கு ஆய்வாளர், போக்குவரத்துக் காவல், தீயணைப்பு நிலையம், மின்வாரியப் பிரிவு அலுவலகம். மேடை பெரிதானால் பொதுப்பணித் துறைப் பொறியாளரின் உறுதித்தன்மைச் சான்றையும் கேட்பார்கள்.

இதில் எல்லாக் குழுவும் மாட்டிக்கொள்ளும் முடிச்சு ஒன்று உண்டு. மாநகராட்சி "போலீஸ் என்.ஓ.சி. கொண்டு வாங்க" என்னும், காவல் நிலையம் "கார்ப்பரேஷன் லெட்டர் எங்கே" என்னும். இரண்டு மனுக்களையும் ஒரே நாளில் கொடுத்து, ஒன்றின் ஒப்புகைச் சீட்டு நகலை மற்றதோடு இணைத்துவிட்டால் இருவருக்கும் ஏதோ ஒரு காகிதம் கையில் இருக்கும், கோப்பு நகரும். ஒப்புகை வாங்காமல் மேசையில் வைத்துவிட்டு வருவது மனு கொடுக்காததற்குச் சமம்.

விநாயகர் சதுர்த்திக்கு இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு. 2018 ஆகஸ்ட் 9 தேதியிட்ட அரசாணை 598 எல்லாவற்றையும் ஒரே படிவத்தில் கட்டிவிட்டது: மாநகரத்தில் காவல் உதவி ஆணையர், மற்ற இடங்களில் சார் ஆட்சியர் அல்லது கோட்டாட்சியரிடம் ஒரு மாதம் முன்பே விண்ணப்பம், நில உரிமையாளர், காவல், தீயணைப்பு ஆகியோரின் தடையின்மைச் சான்று, மின்சாரம் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதற்கு மின்வாரியக் கடிதம். சிலை பீடத்தோடு சேர்த்து 10 அடிக்குள், கூம்பு ஒலிபெருக்கி கூடாது. வேறு விழா நடத்துபவர்களும் மனுவை இதே வரிசையில் அடுக்கினால் நல்லது. அதிகாரிகளின் கண் இந்த வரிசைக்குப் பழகியிருக்கிறது.

மனுவோடு கையால் வரைந்த வரைபடம் ஒன்று கட்டாயம். சாலை அகலம், பந்தல் நீள அகலம், மேடை உயரம், வெளியேறும் வழிகள், மின்கம்பம், டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர் இடம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நுழைவு வளைவும் பேனரும் பந்தல் அனுமதிக்குள் அடங்காது. அவற்றுக்குத் தனி மனு. "200 பேர் வருவார்கள்" என்று எழுதிவிட்டு 600 நாற்காலிக்குப் படம் வரைந்திருப்பதை ஆய்வாளர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது குழி. தார்ச் சாலையைக் கடப்பாரையால் குத்திக் கால் நட்டால் சீரமைப்புக் கட்டணமும் அபராதமும் வரும். குத்தக் கூடாது என்றதும் பந்தல்காரர்கள் எண்ணெய் டின்னில் மணல் நிரப்பிக் கால் ஊன்றுவார்கள். 15 கிலோ எண்ணெய் பிடிக்கும் ஒரு டின்னில் மணல் ஏறக்குறைய 25 கிலோ நிற்கும். 15க்கு 15 அடிச் சாமியானாவை மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று மேலே இழுக்கும் விசை சுமார் 170 கிலோ. காலுக்கு 40க்கு மேல். டின் தாங்காது. 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பிக் கட்டினால் தாங்கும், தீக்கும் உதவும். சித்திரை வைகாசியில் மாலை இடியோடு வரும் காற்று இந்த வேகத்தைச் சுலபமாகத் தொடும்.

தெரு சரியாக வரும் இடம்: முட்டுச்சந்து அல்லது வண்டி குறைந்த உட்புறத் தெரு, 200 பேருக்குள், மாலை 5 முதல் 9 வரை, தெருவாசிகளே நடத்தும் விழா. வாசல் மறையும் ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்து வாங்கி மனுவோடு இணைத்தால் புகார் வரும் வழி பாதி அடைபடும்.

## மாநகராட்சித் திடல்

அதே 500 பேர் இங்கே எப்படி அடங்குகிறார்கள் பாருங்கள். நடுப்பாதைக்கு இருபக்கமும் பன்னிரண்டு நாற்காலி, 21 வரிசை, இரண்டு குறுக்கு வழி. பந்தல் 13.5 மீட்டர் அகலம், 22 மீட்டர் நீளம். சுற்றிலும் 4.5 மீட்டர் வெற்றிடமும் மேடைக்கு 6 மீட்டரும் சேர்த்தால் 23க்கு 37 மீட்டர் இடம் போதும். கடைசி வரிசையும் மேடையைப் பார்க்கும். போக்குவரத்துக் காவலின் கையெழுத்து பெரும்பாலும் தேவைப்படாது; வண்டி நிறுத்தம் எங்கே என்று மட்டும் கேட்பார்கள்.

வாடகை பார்வைக்குக் குறைவாக இருக்கும். ஆனால் பந்தல் போடும் நாளும் பிரிக்கும் நாளும் வாடகை நாள்தான் என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாலை நிகழ்ச்சி மூன்று நாள் வாடகையாவது இப்படித்தான். முன்வைப்புத் தொகை, இரவுக் காவலாளி, நடமாடும் கழிப்பறை, குடிநீர் லாரி எல்லாம் இதோடு சேரும். நுழைவுச்சீட்டு விற்றால் 2017ஆம் ஆண்டு கேளிக்கை வரிச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். விளையாட்டுத் திடலானால் லாரி ஏறி மண் பள்ளமாவதற்கு முன்வைப்பில் பிடித்தம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இது உறுதி. பூங்காவைக் கேட்காதீர்கள், காலம் விரயம்.

திடல் சரியாக வரும் இடம்: 300 பேருக்கு மேல், பல நாள் நிகழ்ச்சி, கண்காட்சி, கச்சேரி. தேதியை இரண்டு மாதம் முன்பே முடிவு செய்யக்கூடிய குழு.

## தனியார் அல்லது பள்ளி மைதானம்

நில அனுமதி ஒரே கடிதத்தில் முடிவதுதான் இதன் பெரிய லாபம். அந்தக் கடிதத்தில் தேதி, நேரம், சர்வே எண், கையெழுத்திடுபவரின் உரிமை எல்லாம் இருக்க வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் நிலத் தகராறு விழா மேடையில் வந்து நிற்கும். கோயில் நிலமானால் செயல் அலுவலர். அரசுப் பள்ளியானால் தலைமையாசிரியர் சரி சொன்னது போதாது. கல்வித் துறையின் எழுத்து அனுமதி வேண்டும்.

நிலம் தனியாருடையது என்பதால் மற்ற அனுமதிகள் வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறைய. தீயணைப்பும் மைக் அனுமதியும் நிலத்தைப் பார்த்து வருவதில்லை, கூட்டத்தைப் பார்த்து வருபவை. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருந்தால் அங்கே ஒலிபெருக்கியே வைக்க முடியாது. பேச்சுவார்த்தை தொடங்கும் முன்பே காவல் நிலையத்தில் இதைக் கேட்டுவிடுங்கள்.

காலி மனையில் இன்னொரு சிக்கல் வாசல். 12 அடிக் கேட் ஒன்று மட்டும் இருந்தால் 500 பேரும் அதே வழியில் வெளியேற வேண்டும். எதிர்ப்பக்கச் சுற்றுச்சுவரில் இரண்டாவது வழி திறக்க உரிமையாளர் சம்மதிக்கிறாரா என்பதை வாடகை பேசும்போதே பேசுங்கள். சம்மதிக்காவிட்டால் அந்த மனையை விட்டுவிடுவது நல்லது.

## மண்டபம்

பந்தலே வேண்டாம் என்பதால் அனுமதி ஏறக்குறைய இல்லை. காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம், மைக் அனுமதி, அவ்வளவுதான். ஆனால் முன்பணம் கட்டும் முன் மண்டபத்தின் உரிமமும் தீயணைப்புச் சான்றும் நடப்பில் இருக்கின்றனவா என்று நகலைக் கேட்டு வாங்குங்கள். தயங்கினால் வேறு மண்டபம் பாருங்கள். மொட்டை மாடியில் கீற்றோ துணியோ போட்டுப் பந்தி நடத்தும் மண்டபம் என்றால் பேச்சே வேண்டாம்.

மண்டபத்தின் ரசீதில் வாடகை பாதிதான். மின்சாரம் யூனிட் கணக்கில், ஜெனரேட்டர் டீசல் தனியாக, துப்புரவு, பாத்திரம், ஏசி நேரம் என்று அடுக்கி மொத்தத்துக்கு ஜிஎஸ்டி போடுவார்கள். வாசலில் சாலையை மறித்து வளைவும் சீரியல் செட்டும் போட்டால் தெருவுக்கான அனுமதிகள் எல்லாம் திரும்ப வந்து சேரும்.

மண்டபம் சரியாக வரும் இடம்: மழைக்காலம், மூன்று வாரத்துக்குள் நடந்தே ஆக வேண்டிய நிகழ்ச்சி, அலைய ஆள் இல்லாத குழு. 150 பேருக்குள் என்றால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இதுவே மலிவு.

## பந்தல்தான் என்று முடிவானால்

பந்தல்காரரிடம் விலை பேசும் முன் இந்த நிபந்தனைகளைச் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் "அது எக்ஸ்ட்ரா" ஆகும்.

கீற்றுப் பந்தல் குளுமையானது, ஆனால் தீயணைப்பு அனுமதியில் நிற்காது. பாலியஸ்டர் துணி உருகிச் சொட்டும். நைலான் கயிறு சூட்டில் அறுந்து கூரையை இறக்கிவிடும். ஐஎஸ் 8758 செயற்கைத் துணியையும் கயிற்றையும் விலக்கச் சொல்வது இதற்காகத்தான். பருத்தித் துணி, சணல் அல்லது தேங்காய் நார்க் கயிறு கேளுங்கள். துணியைத் தீத்தடுப்புக் கரைசலில் நனைத்துக் காயவைக்க அதே தரநிர்ணயத்தில் அளவு இருக்கிறது: 35 பங்கு தண்ணீருக்கு அம்மோனியம் சல்பேட் 4, அம்மோனியம் கார்பனேட் 2, படிகாரம் 2, வெண்காரம் 1, போரிக் அமிலம் 1, எல்லாம் எடைக் கணக்கு. ஒரு மழையில் நனைந்தால் கரைந்து போய்விடும், மறுபடி நனைக்க வேண்டும். தகரப் பந்தல் எரியாது. ஆனால் ஒரு ஒயர் தேய்ந்தால் எல்லாக் காலிலும் மின்சாரம் இறங்கும். எர்த் கம்பியும், மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்சும் இல்லாமல் போடக் கூடாது.

கூரை தரையிலிருந்து 3 மீட்டருக்குக் குறையக் கூடாது. தீயணைக்க வைத்திருக்க வேண்டிய தண்ணீர் சதுர மீட்டருக்கு 0.75 லிட்டர். மேலே சொன்ன தெருப் பந்தல் 363 சதுர மீட்டர்; அதற்கு 272 லிட்டர். ஒரு 200 லிட்டர் டிரம், எட்டு 9 லிட்டர் வாளி. பந்தலுக்குள் சமையல் கூடாது. அன்னதானம் உண்டென்றால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு தனி வேலை.

மேடைக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ தாங்கும் கணக்கைக் கேளுங்கள். 6க்கு 5 மீட்டர் மேடை 15 டன் தாங்க வேண்டும். அதிகம் என்று தோன்றும். ஆனால் மேடை சரிவது பேச்சு நடக்கும்போது அல்ல, கடைசியில் "எல்லாரும் மேலே வாங்க, ஒரு குரூப் போட்டோ" என்று கூப்பிடும்போதுதான். பின்பக்கக் கைப்பிடியும் இரண்டு படிக்கட்டும் வரைபடத்திலேயே இருக்கட்டும்.

தீயணைப்பு அலுவலர் பந்தல் எழுந்த பிறகுதான் வந்து பார்க்க முடியும் என்பதால் முந்தின நாள் மாலைக்குள் வேலை முடிய வேண்டும். காலையில் மேடை கட்டி மாலையில் நிகழ்ச்சி என்றால் திருத்தம் செய்ய நேரமே இல்லை. கையெழுத்தான எல்லாக் காகிதத்தின் நகலும் மேடைக்குப் பக்கத்தில் ஒருவர் கையில் இருக்க வேண்டும். இரவு ரோந்து வரும் காவலருக்கு மூலக் கோப்பைப் பற்றித் தெரிந்திருக்காது.

முன்வைப்புத் தொகை கட்டிய இடமென்றால் பந்தல் போடும் முன் தரை, சுவர், கேட், விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். பிரித்த மறுநாள் அதே கோணத்தில் இன்னொரு முறை எடுத்து, குழிகளை மண்ணடித்து மூடிவிட்டு, உதவிப் பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டி அன்றே திரும்பப் பெறும் மனுவைக் கொடுத்துவிடுங்கள். வாரம் கழித்துப் போனால், அதற்குள் அடுத்த விழாக்காரர் தோண்டிய குழியும் உங்கள் கணக்கில் ஏறியிருக்கும்.